துகள்களைத் திருப்பி அனுப்பிய வரி

எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவதுகூட என் மனைவிதான். ஸ்டூல் மேல் ஏறி நிற்க எனக்குப் பயம். கரப்பான்பூச்சிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் பயம். கல்யாணமான புதிதில் அவள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "உங்களை நம்பி ஒரு பூனைக்குட்டியக்கூட விட்டுட்டுப் போக முடியாது" என்பாள். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. ஏன் செய்தாய் என்று நேற்று கேட்டீர்கள். பயந்துபோய்ச் செய்தேன் என்பதுதான் என்னிடம் இருக்கும் பதில். மற்றதெல்லாம் விவரம். அதையும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். தட்டச்சு செய்கிறவர் பின்தங்கினால் கையைக் காட்டட்டும், நிறுத்திக்கொள்கிறேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது. வானத்திலிருந்து ஓயாமல் துகள்கள் வந்து கொட்டிக்கொண்டிருக்கின்றன. காஸ்மிக் கதிர்கள் என்கிறோம். அவற்றில் சிலவற்றுக்கு, மனிதன் கட்டிய எந்த இயந்திரமும் கொடுக்க முடியாத வேகம் இருக்கிறது. அந்த வேகம் எங்கே கிடைத்தது என்பதுதான் கேள்வி. நட்சத்திரம் வெடித்த இடத்தில் என்பது ஒரு பதில். அங்கே போய்ப் பார்க்க முடியாதே. ஆகவே கணினிக்குள் ஒரு பெட்டியை உண்டாக்கி, அதற்குள் நட்சத்திரத்தை வெடிக்கவிட்டு, லட்சக்கணக்கான துகள்களைத் தூவி, ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று கணக்குப் போடுவோம். சிமுலேஷன் என்பது அவ்வளவுதான்.

வெடிப்பிலிருந்து ஓர் அலை கிளம்பும். துகள் அந்த அலையைத் தாண்டும், காந்தப்புலம் அதைத் திருப்பிவிடும், மறுபடி தாண்டும். இரண்டு பேர் மட்டையோடு ஒருவரையொருவர் நோக்கி நடந்தபடியே ஒரு பந்தை அடித்துக்கொள்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் பந்தின் வேகம் கொஞ்சம் ஏறும். ஏறி ஏறி ஒரு கட்டத்தில் கையை மீறிப் பறந்துவிடும். எல்லாருடைய பெட்டியிலும் துகள்கள் சீக்கிரமே பறந்துவிட்டன. வானத்தில் பார்க்கும் வேகம் வரவில்லை. என் பெட்டியில் வந்தது. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் அதுதான் என் பெயரை உண்டாக்கிய முடிவு. பாடப்புத்தகத்தில் அந்தப் படம் இருக்கிறது.

முடிவு வெளியாகி இரண்டு வருடம் கழித்து, ஒரு நாள் அந்தக் கணக்கைப் போடும் பழைய கணினி நிரலைச் சுத்தம் பண்ண உட்கார்ந்தபோது அந்த வரியைப் பார்த்தேன். பெட்டியின் ஓரத்துக்கு வந்து தப்பிக்கப் போகிற துகளைத் திருப்பி உள்ளே அனுப்பும் ஒரு வரி. ஆரம்பத்தில், நிரல் பாதியில் நிற்காமல் ஓடுகிறதா என்று சோதிக்க நானே போட்டது. பக்கத்தில் 'தற்காலிகம்' என்று நானே எழுதியும் வைத்திருந்தேன். எடுக்க மறந்துபோயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு அந்த வரி இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். துகள்களுக்குக் கிடைத்த ஆற்றல் முப்பதில் ஒரு பங்காக விழுந்தது. வரியைப் பழையபடி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து நிம்மதியாக ஒரு நாள் இருந்ததில்லை. கருத்தரங்கில் பின்வரிசையில் யாராவது கையைத் தூக்கினால் எனக்கு வாய் உலர்ந்துவிடும். வேறொரு ஊரிலிருந்து ஒருவர், உங்கள் முடிவு எங்களுக்கு வரமாட்டேன் என்கிறது என்று பணிவாக எழுதிக் கேட்டார். உங்கள் கணக்கில் நுணுக்கம் போதவில்லை, இன்னும் கவனமாகப் பாருங்கள் என்று பதில் போட்டேன். பாவம், மூன்று வருடம் கவனமாகப் பார்த்தார். பிறகு இந்தத் துறையையே விட்டுவிட்டார். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறாராம். நல்ல வேலைதான்.

இதற்கிடையில் என் முடிவை நம்பி ஒரு மலையுச்சியில் அறுநூறு தண்ணீர்த் தொட்டிகள் வைக்க ஆரம்பித்தார்கள். கதிர்கள் வந்து விழுவதைப் பதிவு செய்யும் தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியாக ஏற்ற ஏற்ற எனக்குத் தூக்கம் குறைந்தது.

இனி சின்னவளைப் பற்றி.

சின்னவள் என் மனைவியின் தங்கை. பதினோரு வயது இளையவள். எங்கள் கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டிருப்பாள். வளர்ந்து நிரல் எழுதுகிற வேலைக்குப் போனாள், கெட்டிக்காரி. எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் புதிய கணினி வந்தது. பழைய நிரலை அதற்கு ஏற்றபடி திருத்தி எழுத ஆள் தேவைப்பட்டது. அவள் அப்போது பார்த்துக்கொண்டிருந்த வேலை பிடிக்காமல் இருந்த நேரம்.

"அவளைக் கூட்டிக்கோங்களேன். வெளியாளை வச்சு அல்லாடுறதுக்கு நம்ம வீட்டுப் பொண்ணு தேவலாம்ல?" என்றாள் மனைவி.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே பின்னறையில் தங்கிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

நிரல் மொத்தம் நாற்பத்தோராயிரம் வரி. சின்னவளுக்கு எதையும் பாதியிலிருந்து படிக்கும் பழக்கம் இல்லை. முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். காலையில் சாப்பிட உட்காரும்போது எதுவரை வந்திருக்கிறாள் என்று சொல்வாள். "அத்தான், நேத்தோட பன்னிரண்டாயிரம் தாண்டிட்டேன்." சொல்லிவிட்டு அக்காவின் தட்டிலிருந்து எதையாவது எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். அந்த வரி இருந்தது முப்பத்தோராயிரத்துச் சொச்சத்தில். அவள் எண்ணைச் சொல்லும்போதெல்லாம் நான் மனசுக்குள் கழித்துப் பார்ப்பேன். இன்னும் பத்தொன்பதாயிரம், இன்னும் பதினாலாயிரம். ரசித்துச் சாப்பிட்டு மாதக்கணக்காகிவிட்டது.

வரியை நீக்கிவிட்டிருக்கலாமே என்று நேற்று உங்களோடு இருந்தவர் கேட்டார். முடியாது. நீக்கினால் புதிய கணினியில் பழைய முடிவு வராது, ஏன் வரவில்லை என்று அவள் நோண்டுவாள். தவிர, நிரலில் யார் எந்த நாளில் என்ன மாற்றினார்கள் என்பது தானாகவே பதிவாகும். நான் எல்லா வழியையும் யோசித்தவன்.

ஒரு புதன்கிழமை முற்பகல் அவள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அவள் கதவைச் சாத்துகிற ஆளே இல்லை.

"அத்தான், ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"பெட்டி ஓரத்துல ஒரு சுவர் இருக்கே. வெளிய போற துகளைத் திருப்பி உள்ள தள்ளுது. பக்கத்துல தற்காலிகம்னு எழுதியிருக்கு. சோதனைக்குப் போட்டதுதானே?"

"ஆமா."

"எடுக்க மறந்துட்டீங்களா?"

"மறந்துட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருஷமா இதை ஒத்த ஆளாவா சுமந்துக்கிட்டிருந்தீங்க? அக்காகிட்டகூடச் சொல்லாம?"

அவளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை நம்ம குழுக் கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க அத்தான். நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். யாரும் தலையைச் சீவிட மாட்டாங்க. இன்னொண்ணு. சுவரை எடுத்துட்டு, பெட்டியைப் பத்து மடங்கு பெருசாக்கி ஒரு ஓட்டம் போட்டு வச்சிருக்கேன். கணினி வரிசையில நிக்குது, ஒரு மாசம் ஆகும். எனக்கென்னமோ உங்க யோசனை தப்பில்லன்னு தோணுது. பெட்டிதான் சின்னதாப் போச்சு."

சரி என்றேன். எழுந்து போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். ஒரு குழந்தையைத் தட்டுவது போல.

மறுநாள் வியாழன். எங்கள் கணினிக் கூடம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஆளுயரக் கறுப்பு அலமாரிகள் ஒன்பது வரிசை. மின்விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது, ஆகவே உள்ளே போகிறவர்கள் காதுக்கவசம் மாட்டிக்கொள்வோம். தீப்பிடித்தால் தண்ணீர் அடிக்க முடியாது, கணினிகள் பாழாகிவிடும். அதற்கென்று ஒரு வாயு வைத்திருக்கிறார்கள். நெருப்புக்குக் காற்று கிடைக்காமல் செய்துவிடும். நெருப்புக்குக் கிடைக்காத காற்று மனிதனுக்கும் கிடைக்காது. அந்தப் பழைய வாயு உருளைகளை மாற்றுவதற்கு முன்னால் வியாழன் மதியம் ஒன்றேகாலுக்கு ஒருமுறை முழுதாகத் திறந்து சோதிப்பதாக ஏற்பாடு. இரண்டு வாரம் முன்பே எல்லாருக்கும் சொல்லியாயிற்று.

அதைப் பார்த்துக்கொள்பவரை நாங்கள் ஏசி அண்ணன் என்று கூப்பிடுவோம். குளிரூட்டி, ஜெனரேட்டர், தீயணைப்பு எல்லாம் அவர் பொறுப்பு. இருபது வருடமாக ஒரு விபத்து கிடையாது. கூடத்து வாசலில் கொக்கிகள் அடித்த ஒரு பலகையை மாட்டி வைத்தவரும் அவர்தான். உள்ளே போகிறவர் தன் பெயர் அட்டையை அதில் தொங்கவிட வேண்டும், வெளியே வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் செய்தது இது. பலகையிலிருந்து சின்னவளின் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிளாஸ்டிக் அட்டை, ஒரு தீப்பெட்டி அளவு.

அவள் ஏன் அந்த நேரத்தில் உள்ளே போனாள் என்று கேட்பீர்கள். நான் அனுப்பித்தான் போனாள். பழைய நிரலின் முதல் பிரதி கடைசி வரிசை அலமாரியில் ஒரு டிஸ்க்கில் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு வா, நாளைக்குக் கூட்டத்தில் அதையே காட்டிவிடுவோம் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னிக்கு மதியம் ஏதோ சோதனைன்னாங்களே அத்தான்?"

"அது மூணு மணிக்குத் தள்ளிப்போயிடுச்சு."

சாப்பிடாமல்கூட ஓடினாள்.

ஏசி அண்ணன் வாயு அறையில் இருந்தார். அது கூடத்துக்குப் பின்பக்கம், அங்கிருந்து வாசல் தெரியாது. வாசலில் ஒரு பொறுப்பாளர் நிற்க வேண்டும் என்பது விதி. நான் நிற்கிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். போனில் கேட்டார்.

"சார், பலகையைப் பாத்தீங்களா? உள்ள யாரும் இல்லையே?"

"பலகையில ஒரு அட்டைகூட இல்ல அண்ணே."

"கண்ணாலயும் ஒருதடவை பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

அவரிடம் நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பலகையில் அட்டை இல்லை. கண்ணாலும் பார்த்திருந்தேன். கடைசி வரிசைக்கு முன்னால் அவள் மண்டிபோட்டு உட்கார்ந்து டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

எச்சரிக்கைச் சங்கு ஊதியது. காதுக்கவசத்துக்குள் அது கேட்டிருக்காது. சிவப்பு விளக்கு வாசல் பக்கம் மட்டும்தான் சுழலும். வாயு இறங்கத் தொடங்கியது. என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கதவில் ஓர் அடிச் சதுரத்துக்குக் கண்ணாடி பதித்திருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தக் கண்ணாடியில் சின்னவளின் முகம் வந்தது. காதுக்கவசம் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, கையில் டிஸ்க் இருந்தது. மிரண்டுபோயிருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்த மிரட்சி சட்டென்று விட்டுப்போயிற்று. அத்தான் இருக்கிறாரே என்ற நிம்மதி. அதை நான் நன்றாகப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கதவுதான். என் கால்கள் அசையவில்லை. உடம்பு முழுக்க விறைத்துப்போய் அப்படியே நின்றேன்.

அட்டையைக் கைகழுவும் இடத்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அவசரக்காரப் பெண், அட்டையை மாட்ட மறந்திருப்பாள் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஏசி அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவர் வீட்டுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"நான் கேட்டேன்ல சார்? கேட்டேன்ல?"

"கேட்டீங்க அண்ணே."

"பின்ன எப்படி சார்?"

தண்ணீர் கொடுத்தேன். வெகுநேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருக்காக வக்கீல் பார்க்கவும் நான்தான் அலைந்தேன். அதையும் யாராவது குறிப்பிட வேண்டும்.

நான்காவது வாரம் அவள் போட்டு வைத்திருந்த ஓட்டம் முடிந்தது. கணினிக்கு ஆள் போனது தெரியாதே. பெரிய பெட்டி, சுவர் கிடையாது. துகள்கள் ஏறி ஏறி, வானத்தில் பார்க்கும் அதே வேகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. சின்னவள் சொன்னது சரி. என் யோசனையில் தப்பே இல்லை. பதினோரு வருடப் பயத்துக்கும் அர்த்தமே இல்லாமல் போயிற்று. அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. முடிவைக் கட்டுரையாக எழுதி, கடைசியில் அவளுக்கு நன்றி என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. என் மனைவி அழுவதை நிறுத்திவிட்டாள். அவள் அழுதவரை எனக்குத் தைரியமாக இருந்தது. அழுகை நின்றதும் கேட்க ஆரம்பித்தாள்.

"அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாதாமே? உள்ள இருந்து தள்ளினா திறந்துக்குமாமே?"

"யார் சொன்னா?"

"அந்த அண்ணன் சொன்னாரு. அவர் வீட்டுக்குப் போயிருந்தேன்."

மறுநாள் அனுமதி வாங்கிக்கொண்டு அவரோடு கூடத்துக்கே போயிருக்கிறாள். உள்ளே நின்று கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒத்த விரலால தள்ளினேன். திறந்துக்கிச்சு. அவ ஏன் தள்ளல?"

"வாயு பட்டதும் தலை சுத்தியிருக்கும். பலம் இருந்திருக்காது."

"கதவு வரைக்கும் நடந்து வந்திருக்காளே. வந்தவளுக்கு ஒத்த விரல்ல பலம் இல்லாமப் போச்சா?"

அவள் என்னையே பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வைதான் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. விடிந்ததும் அவள் உங்களிடம் வந்தாள். நீங்கள் கணினியின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தீர்கள். யார் எந்த நேரத்தில் என்ன கணக்கு ஓட்டினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எனக்குத் தெரியும். தெரிந்தும் அழிக்கவில்லை. அழித்தால் அழித்ததும் பதிவாகும்.

ஆமாம், அந்தக் கணக்கு என்னுடையதுதான். ஓர் அறை, ஒன்பது வரிசை அலமாரி, மேலிருந்து இறங்கும் வாயு, கடைசி வரிசையிலிருந்து வாசலை நோக்கி நடக்கிற ஓர் ஆள். ஆளின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். தேதியைக் காட்டி நீங்கள் கேட்டீர்கள். அவள் வந்து சொன்னது புதன்கிழமை, இது திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு ஓடியிருக்கிறதே என்று. திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் இருபத்தொன்பதாயிரம் தாண்டிவிட்டதாகச் சொன்னாள். அதற்குமேல் நான் என்ன செய்ய? பயந்தவன் எதையும் முன்கூட்டியே கணக்குப் பண்ணி வைத்துக்கொள்வான். புதன்கிழமை அவள் கோபப்பட்டிருந்தாலும் சரி, தோளைத் தட்டினாலும் சரி, கணக்கு மாறியிருக்காது.

நானும் கல்நெஞ்சக்காரன் அல்ல. அவள் பிழைக்க வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். ஒரு தடவை அல்ல, இருபத்திரண்டு தடவை, ஒவ்வொன்றையும் கொஞ்சம் மாற்றி மாற்றி ஓட்டினேன். கதவு திறந்த எல்லா ஓட்டத்திலும் அவள் பிழைத்துக்கொண்டாள். அதனால்தான் வெளிப்பக்கம் நான் நின்று, என் முழுப் பாரத்தையும் அந்தக் கதவின் மேல் சாய்க்க வேண்டியதாயிற்று.